கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் நர்சிங் சேர: விண்ணப்பத்துக்கு இரண்டு வருடம் முன்பே தொடங்க வேண்டிய வேலை

"அக்கா, நர்சிங் அப்ளிகேஷன் அடுத்த மாசம் திறக்குதாம். எப்படிப் போடணும்?"

என்னிடம் வரும் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். நான் திருப்பிக் கேட்பது உடற்கூறு (அனாடமி) பாடத்தைப் பற்றித்தான்: "அனாடமி முடிச்சாச்சா? என்ன கிரேடு?"

விண்ணப்பப் படிவத்தை நிரப்புவது ஒரு மாலை வேலை. அதில் எழுத வேண்டியதைச் சேர்க்கத்தான் ஒன்றரை, இரண்டு வருடம் ஆகிறது. எந்தப் பாடத்தை எப்போது எடுத்தோம், எத்தனை முறை எடுத்தோம், என்ன கிரேடு வாங்கினோம் என்பதிலேயே இடம் கிடைக்குமா கிடைக்காதா என்பது முக்கால்வாசி முடிவாகிவிடும். இதை யாரும் எனக்கு முதலில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

நான் பி.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு, கல்யாணமாகி, எச்4 விசாவில் (எச்1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தரும் விசா) சான் ஹோசே பக்கம் வந்தவள். இப்போது பதிவு பெற்ற நர்ஸ். கீழே சொல்வது கலிஃபோர்னியாவை வைத்துத்தான். டெக்சஸ், நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களிலும் அடிப்படை இதுவே. ஆனால் நுழைவுத் தேர்வும் புள்ளிக் கணக்கும் அங்கே வேறு மாதிரி இருக்கும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் ஏற்கெனவே பி.எஸ்சி. நர்சிங்கோ ஜிஎன்எம் என்னும் நர்சிங் டிப்ளமோவோ முடித்தவர்களுக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. நீங்கள் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை. உங்கள் படிப்பு விவரங்களை மாநில நர்சிங் போர்டுக்கு நேரடியாக அனுப்பி, தேர்வு எழுத அனுமதி கேட்க வேண்டும். ஏதாவது ஒரு பிரிவில் வகுப்போ மருத்துவமனைப் பயிற்சியோ குறைகிறது என்று போர்டு சொன்னால், அந்தக் குறையை மட்டும் இங்கே படித்து நிரப்பும் வழியைப் பாருங்கள்.

என்ன படிப்பு, எவ்வளவு காலம்

கம்யூனிட்டி காலேஜ் என்பது அரசு நடத்தும் இரண்டு வருடக் கல்லூரி. அதில் கிடைப்பது ஏடிஎன் என்னும் அசோசியேட் டிகிரி. நர்சிங் படிப்பு மட்டும் இரண்டு வருடம். அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய பாடங்கள் உண்டு. இங்கே எல்லோரும் அவற்றை 'ப்ரீரெக்' என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். ப்ரீரெக்குக்கு ஒரு வருடத்திலிருந்து இரண்டு வருடம் ஆகும். ஆக மொத்தம் மூன்று முதல் நான்கு வருடக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். "இரண்டே வருஷத்துல நர்ஸ்" என்று கேள்விப்பட்டு வருபவர்கள் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள்.

ஏடிஎன் முடித்தவரும் நான்கு வருட பிஎஸ்என் என்னும் இளங்கலை நர்சிங் பட்டம் முடித்தவரும் எழுதுவது, நர்ஸ் லைசென்ஸுக்கான ஒரே என்க்ளெக்ஸ் ஆர்என் தேர்வு. கிடைப்பதும் ஒரே லைசென்ஸ். சில பெரிய மருத்துவமனைகள் வேலைக்கு எடுக்கும்போது பிஎஸ்என்னை விரும்பும், அது உண்மை. ஆனால் ஏடிஎன் முடித்து, வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் பிஎஸ்என் முடிப்பவர்கள் ஏராளம். படிக்கும்போதே கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா மாநிலப்) பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்ந்து இரண்டையும் கூடவே முடிக்கும் ஏற்பாடும் பல கல்லூரிகளில் இருக்கிறது.

கட்டணம்தான் இந்த வழியின் பெரிய பலம். கலிஃபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் நர்சிங் கிடையாது. மாநில வாசிகளுக்கு ஒரு செமஸ்டர் யூனிட் (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர். ப்ரீரெக்கையும் சேர்த்து 70 யூனிட் என்றால்கூட 3,220 டாலர்தான். புத்தகம், யூனிஃபார்ம், ஸ்டெதஸ்கோப், தேர்வுக் கட்டணம் எல்லாம் தனி. ஆனாலும் தனியார் நர்சிங் கல்லூரிகள் கேட்கும் தொகைக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

விசா: பணம் கட்டும் முன் வீட்டில் பேச வேண்டியது

எச்4-ல் இருப்பவர்கள் படிக்கத் தனி அனுமதி தேவையில்லை, தாராளமாகப் படிக்கலாம். ஒரு வருடமும் ஒரு நாளும் கலிஃபோர்னியாவில் இருந்து, இங்கேயே தங்கும் எண்ணத்தையும் காட்டினால் மாநில வாசி கட்டணமும் கிடைக்கும். வீட்டு வாடகை ஒப்பந்தம், டிரைவிங் லைசென்ஸ், கணவரோடு சேர்ந்து தாக்கல் செய்த மாநில வரிக் கணக்கு, இந்த மூன்றையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். எஃப்1 என்னும் மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அவர்களுக்கு யூனிட்டுக்குப் பல நூறு டாலர் ஆகும். சில நர்சிங் படிப்புகள் எஃப்1 மாணவர்களை எடுப்பதே இல்லை. முதல் வேலையாக அதைக் கேட்டுவிடுங்கள்.

கஷ்டமான கேள்வி படிப்பு முடிந்த பிறகு வருவது. லைசென்ஸ் கையில் இருந்தாலும் வேலை அனுமதி இல்லாமல் ஒரு நாள்கூட வேலை பார்க்க முடியாது. எச்4-க்கு ஈஏடி என்னும் வேலை அனுமதி அட்டை கிடைக்க, பொதுவாக, கணவருக்கோ மனைவிக்கோ ஐ-140 (க்ரீன் கார்டுக்காக வேலை தரும் நிறுவனம் போடும் மனு) ஒப்புதல் ஆகியிருக்க வேண்டும். இந்த விதி 2015 மே மாதத்திலிருந்து இருக்கிறது. "படிச்சு முடிச்சா ஆஸ்பத்திரியே எச்1பி போட்டுத் தரும்" என்று நினைக்காதீர்கள். சாதாரண நர்ஸ் வேலைக்கு எச்1பி கிடைப்பது அரிது, அதுவும் ஏடிஎன்னை வைத்துக்கொண்டு மிக அரிது. மூன்று நான்கு வருடம் கழித்து உங்கள் குடும்பத்தின் ஐ-140, க்ரீன் கார்டு நிலை எங்கே இருக்கும் என்று இருவரும் உட்கார்ந்து பேசிவிட்டு முதல் வகுப்பில் சேருங்கள். கிளினிக்கல் என்னும் மருத்துவமனைப் பயிற்சிக்கு முன் நடக்கும் பின்னணிச் சோதனைக்கு எஸ்எஸ்என் (சமூகப் பாதுகாப்பு எண்) கட்டாயமா என்பதையும் உங்கள் கல்லூரியில் கேட்டுவிடுங்கள். லைசென்ஸுக்கு கலிஃபோர்னியா போர்டு ஐடிஐஎன் என்னும் வரி எண்ணையும் ஏற்கும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது

முதலில் கலிஃபோர்னியா நர்சிங் போர்டின் தளத்தில் அங்கீகரிக்கப்பட்ட படிப்புகளின் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு கல்லூரியிலும் எத்தனை பேர் என்க்ளெக்ஸ் எழுதினார்கள், எத்தனை சதவீதம் தேறினார்கள் என்பதும் வருட வாரியாக அங்கேயே இருக்கும். இந்தப் பட்டியலில் இல்லாத எந்த இடத்திலும் ஒரு டாலர்கூடக் கட்டாதீர்கள். 2023 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளியிட்ட 'ஆபரேஷன் நைட்டிங்கேல்' வழக்கு நினைவிருக்கலாம். ஃப்ளோரிடாவில் சில நர்சிங் பள்ளிகள் 7,600-க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை விற்றிருந்தன. குறுக்குவழி என்று நம்பிப் பணம் கட்டியவர்களின் லைசென்ஸும் போயிற்று, பெயரும் கெட்டது.

எங்கள் பக்கம் டி ஆன்ஸா, எவர்கிரீன் வேலி, ஓலோனி, சாபோ, காலேஜ் ஆஃப் சான் மட்டேயோ எல்லாவற்றிலும் ஏடிஎன் இருக்கிறது. வீட்டிலிருந்து ஒரு மணி நேரக் கார் பயணத்துக்குள் இருக்கும் எல்லாக் கல்லூரிகளையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கல்லூரியை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. விண்ணப்பம் இரண்டு. முதலாவது, கல்லூரியில் மாணவராகச் சேர்வதற்கானது. இதை ஆன்லைனில் யார் வேண்டுமானாலும் போடலாம், பெரும்பாலும் சில நாளில் மாணவர் எண் வந்துவிடும். இரண்டாவதுதான் நர்சிங் படிப்புக்கான விண்ணப்பம். ப்ரீரெக் எல்லாம் முடித்த பிறகு, வருடத்தில் ஒரு முறையோ இரண்டு முறையோ சில வாரங்கள் மட்டும் திறக்கும். முதல் விண்ணப்பத்தில் 'மேஜர்: நர்சிங்' என்று தேர்ந்தெடுத்துவிட்டு, நர்சிங்கில் சேர்ந்துவிட்டதாக வீட்டில் கேசரி கிண்டியவர்களை எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பார்த்தால் அப்படித்தான் தோன்றும்.

புள்ளித் தாள்: முதலில் படிக்க வேண்டியது இதைத்தான்

இடத்தைவிட விண்ணப்பங்கள் பல மடங்கு வருவதால், சில கல்லூரிகள் தகுதி உள்ள எல்லோரையும் குலுக்கலில் போடும். மற்றவை புள்ளி போட்டு எடுக்கும். புள்ளி போடும் கல்லூரிகள் எதற்கு எத்தனை புள்ளி என்பதை ஒரு தாளாக வெளியிடும், பெரும்பாலும் மொத்தம் 100 புள்ளி. இந்தத் தாளை அச்செடுத்து, பேனாவோடு உட்கார்ந்து, உங்களுக்கு இன்றைக்கே எத்தனை தேறும் என்று எண்ணிப் பாருங்கள். முதல் வகுப்பில் சேருவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். நான் ப்ரீரெக் பாதி முடித்த பிறகுதான் இந்தத் தாளையே பார்த்தேன். நான் எடுத்த உளவியல் வகுப்பு என் முதல் விருப்பக் கல்லூரி கேட்ட வகை இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

மாநிலச் சட்டம் இந்தப் புள்ளி முறைக்கு என்னென்ன பார்க்கலாம் என்று வரிசைப்படுத்தியிருக்கிறது. அதில் நம்மவர்கள் கவனிக்காமல் விடும் இரண்டைச் சொல்கிறேன்.

ஒன்று, ஏற்கெனவே இருக்கும் பட்டம். பி.ஈ., பி.காம்., எம்.சி.ஏ. எதுவானாலும் முன்பு பெற்ற பட்டத்துக்குப் புள்ளி உண்டு. "அதுக்கும் நர்சிங்குக்கும் என்ன சம்பந்தம்" என்று நினைத்து அதைக் காட்டாமலே விட்டுவிடுகிறார்கள்.

இரண்டு, ஆங்கிலம் அல்லாத மொழி அறிவு. சட்டம் ஸ்பானிஷ், சீனம், அரபு, டகாலோக் என்று சொல்லிக்கொண்டு வந்து, இந்தியத் துணைக்கண்டத்தின் மொழிகளையும் சேர்த்திருக்கிறது. அதாவது நம் தமிழுக்குப் புள்ளி கிடைக்க வழி இருக்கிறது. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து என் ஆங்கிலத்தைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தவள் நான். நீ தமிழ் பேசுவது நோயாளிக்கு உதவும் என்று ஒரு சட்டமே சொல்கிறது! ஆனால் "வீட்டில் பேசுவோம்" என்று எழுதினால் போதாது, சான்று வேண்டும். எதை ஏற்பார்கள் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். என் பி.எஸ்சி.யில் முதல் இரண்டு வருடம் பகுதி 1 தமிழ் இருந்தது. என் இந்தியப் படிப்பின் மதிப்பீட்டு அறிக்கையில் (இதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்) அந்த நான்கு தாள்களும் வந்திருந்ததால் அதையே காட்டினேன். பொறியியல் படித்தவர்கள் பிளஸ் டூ மார்க் ஷீட்டை வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

இவை தவிர, மருத்துவமனையில் வேலை செய்த அனுபவத்துக்கும் தன்னார்வப் பணிக்கும் புள்ளி உண்டு. இங்கே சிஎன்ஏ என்னும் நர்சிங் உதவியாளர் பயிற்சி 160 மணி நேரம்தான், 60 மணி வகுப்பு, 100 மணி முதியோர் இல்லத்திலோ மருத்துவமனையிலோ. புள்ளிக்காக மட்டும் சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெரியவரைப் படுக்கையில் புரட்டிப் போட்டு, குளிப்பாட்டி, உடை மாற்றிவிடும் வேலை நம்மால் முடியுமா என்று அந்த 100 மணியில் தெரிந்துவிடும். முடியாது என்று தெரிந்தால் மூன்று வருடம் மிச்சம். முடியும் என்று தெரிந்தால் அதற்கப்புறம் படிப்பில் வரும் எந்தச் சிரமமும் பெரிதாகத் தெரியாது.

ஊரிலிருந்து வரவேண்டிய தாள்கள்

இந்த வேலையை முதல் மாதமே தொடங்குங்கள். இந்தியச் சான்றிதழை அப்படியே கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். நேசஸ் என்பது வெளிநாட்டுப் படிப்புகளை மதிப்பிடும் நிறுவனங்களின் கூட்டமைப்பு. அதில் உறுப்பினராக இருக்கும் ஒரு நிறுவனம், உதாரணமாக வெஸ் அல்லது ஐஈஆர்எஃப், பாடவாரியாக மதிப்பிட்டு அறிக்கை தர வேண்டும். எந்த நிறுவனத்தின் அறிக்கை செல்லும் என்று கல்லூரியின் பட்டியலில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். 'பாடவாரியாக' என்பது முக்கியம். விலை குறைவு என்று பொது மதிப்பீட்டை வாங்கினால், மறுபடி பணம் கட்ட வேண்டிவரும்.

மார்க் ஷீட் வேறு, ட்ரான்ஸ்க்ரிப்ட் வேறு. ட்ரான்ஸ்க்ரிப்ட் என்பது பல்கலைக்கழகமே முத்திரையிட்டுத் தருவது. எனக்காக அப்பா மூன்று முறை பல்கலைக்கழக அலுவலகத்துக்கு அலைந்தார். முதல் முறை சலான் கட்டும் கவுண்டர் மூடியாயிற்று. இரண்டாம் முறை கன்சாலிடேட்டட் மார்க் ஷீட்டின் நகல் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை உறை கைக்கு வந்துவிட்டது, ஆனால் ஒட்டிய இடத்தில் குறுக்கே முத்திரை குத்தவில்லை. அப்பா அதைக் கவனித்து, கவுண்டரிலேயே நின்று குத்தி வாங்கிக்கொண்டு வந்தார். அவர் கவனிக்காமல் அனுப்பியிருந்தால் இங்கே நிராகரித்திருப்பார்கள். உங்களுக்காக யார் போகிறார்களோ அவர்களிடம் இந்த மூன்றையும் முன்பே சொல்லி அனுப்புங்கள்.

அப்புறம் பெயர். மார்க் ஷீட்டில் 'ஆர். லட்சுமி', பாஸ்போர்ட்டில் 'லட்சுமி ராமசாமி', கல்யாணத்துக்குப் பிறகு டிரைவிங் லைசென்ஸில் கணவர் பெயர் பின்னால். நமக்கு இதெல்லாம் ஒரே ஆள்தான் என்று தெரியும். இங்குள்ள கணினிக்கு மூன்று பேர். பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரையே கல்லூரி, நுழைவுத் தேர்வு, கைரேகைப் பதிவு, கடைசியில் என்க்ளெக்ஸ் வரை எல்லா இடத்திலும் எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுங்கள். என்க்ளெக்ஸ் தேர்வு அறை வாசலில் பெயர் பொருந்தவில்லை என்றால் உள்ளே விட மாட்டார்கள், கட்டிய 200 டாலரும் போய்விடும்.

ப்ரீரெக்: இங்கேதான் இடம் தீர்மானமாகிறது

எல்லாக் கல்லூரிகளும் கேட்பவை: லேபோடு சேர்ந்த அனாடமி, லேபோடு சேர்ந்த பிசியாலஜி (உடலியங்கியல்), லேபோடு சேர்ந்த மைக்ரோபயாலஜி (நுண்ணுயிரியல்), ஆங்கிலக் கட்டுரைப் பாடம். இவற்றோடு உளவியல், புள்ளியியல், பேச்சுப் பாடம் எல்லாம் கல்லூரியைப் பொறுத்து வரும். அனாடமியில் சேரவே வேதியியலோ அடிப்படை உயிரியலோ முடித்திருக்க வேண்டும் என்பார்கள், அதையும் காலக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம், உளவியல், புள்ளியியல் போன்ற சில பாடங்களுக்கு 2025 இலையுதிர் காலத்திலிருந்து மாநிலம் முழுவதும் ஒரே பாட எண் வந்திருக்கிறது. அதனால் ஒரு கல்லூரியில் எடுத்தது இன்னொன்றில் செல்லுமா என்ற தலைவலி அவற்றில் குறைந்திருக்கிறது. மற்றவற்றுக்கு கவுன்சலரிடம் (கல்லூரியின் பாட ஆலோசகர்) கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது நாளைக்கு நிற்காது. எனக்கு ஒரு கல்லூரியில் ஒரு கவுன்சலர் "இது செல்லும்" என்றார். அடுத்த வருடம் அதே மேசையில் இருந்த வேறொருவர் "செல்லாது" என்றார்.

ஊரில் படித்த அறிவியல் பாடங்களைப் பல கல்லூரிகள் ஏற்பதில்லை. ஏற்றாலும், ஐந்து அல்லது ஏழு வருடத்துக்குள் படித்திருக்க வேண்டும் என்ற விதியில் அடிபட்டுவிடும். நீங்கள் பி.எஸ்சி. விலங்கியலாகவே இருந்தாலும் அனாடமியை இங்கே மறுபடி எடுக்கத் தயாராக இருங்கள். அது நல்லதும்கூட. புள்ளிக் கணக்கில் ஏற வேண்டியது இங்கே வாங்கும் கிரேடுதான்.

விதிப்படி 'சி' வாங்கினால் தகுதி உண்டு. 'சி' வைத்துக்கொண்டு இடம் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். போட்டி இருக்கும் கல்லூரிகளில் மூன்று உயிரியல் பாடங்களிலும் 'ஏ'யைக் குறிவையுங்கள். அதற்காகவே சொல்கிறேன், அனாடமியையும் பிசியாலஜியையும் ஒரே செமஸ்டரில் எடுக்காதீர்கள், சின்னக் குழந்தை இருந்தால் நிச்சயம் வேண்டாம். பாடத்தைத் திரும்ப எடுத்தால் பல கல்லூரிகளில் புள்ளி குறையும். பாதியில் விட்டதற்கு வரும் 'டபிள்யூ' கூட சில இடங்களில் ஒரு முயற்சியாக எண்ணப்படும். ஒவ்வொரு செமஸ்டரிலும் 'டபிள்யூ' விழாமல் விலகக் கடைசித் தேதி ஒன்று இருக்கிறது. அதைக் காலண்டரில் சிவப்பில் குறித்துவையுங்கள். முதல் தேர்வில் தடுமாறினால், அந்தத் தேதிக்குள் முடிவெடுங்கள்.

அனாடமி லேப் எப்படி இருக்கும் என்று தெரியாமல்தான் பலர் பயப்படுகிறார்கள். மேசைக்கு மேசை ஒரு எலும்போ, ஒரு மாதிரியோ இருக்கும். அதில் ஒரு குண்டூசியோ ஒட்டுத்தாளோ. ஒரு நிமிடம் பார்த்துப் பெயரை எழுத வேண்டும், மணி அடித்ததும் அடுத்த மேசை. எழுத்துப்பிழை இருந்தால் மதிப்பெண் போகும். என் முதல் தேர்வில் தோள்பட்டை எலும்பை வைத்து "இடதா வலதா?" என்று கேட்டிருந்தார்கள். எனக்குத் தெரியவில்லை. அப்புறம் ஒரு பிலிப்பைன்ஸ் தோழி சொல்லிக்கொடுத்தாள். மேடாகத் துருத்திக்கொண்டிருக்கும் வரம்பு முதுகுப் பக்கம் பார்க்க வேண்டும், கை எலும்பு பொருந்தும் குழி வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். அப்படி உன் தோளிலேயே வைத்துப் பார், எந்தப் பக்கம் பொருந்துகிறதோ அதுதான் விடை. அன்றிலிருந்து எந்த எலும்பையும் புத்தகத்தில் படிப்பதை விட்டேன். லேப் திறந்திருக்கும் வெள்ளிக்கிழமைகளில் போய், எலும்புப் பெட்டியைத் திறந்து, கையால் தடவித் தடவிப் படித்தேன்.

பிசியாலஜிக்கு எனக்குக் கைகொடுத்தது தமிழ். இரவு அம்மாவுக்கு வாட்ஸாப்பில் பேசும்போது அன்றைய பாடத்தைச் சொல்லுவேன். "சிறுநீரகத்துல டிகாக்‌ஷன் இறங்குற மாதிரிதான்மா. ஆனா இங்க ரத்தத்தோட அழுத்தம் தள்ளிவிடும். காபித் தூள் மாதிரி ரத்த அணுவும் புரதமும் மேலயே தங்கிடும்." அம்மா உடனே, "அப்போ ஃபில்டர்ல ஓட்டை பெருசாயிட்டா தூளும் கீழ வருமே?" என்றார். சிறுநீரில் புரதம் போவது ஏன் நோயின் அடையாளம் என்று அந்த வாரம் வகுப்பில் கேட்டார்கள், யோசிக்காமல் எழுதினேன். நமக்குப் புரிந்த மொழியில் ஒருவருக்குச் சொல்லிப் பார்த்தால் பாடம் மறக்காது. தேர்வுக்கான பெயர்களை மட்டும் ஆங்கிலத்தில் எழுதி எழுதிப் பழகுங்கள்.

டீஸ் தேர்வு

கலிஃபோர்னியாவில் பெரும்பாலான கல்லூரிகள் ஏடிஐ நிறுவனத்தின் டீஸ் என்னும் நுழைவுத் தேர்வைக் கேட்கும். 170 கேள்விகள், 209 நிமிடங்கள். வாசிப்பு, கணக்கு, அறிவியல், ஆங்கிலம் என நான்கு பகுதி. மொத்தத்தில் 62 சதவீதம் வேண்டும். அது தகுதிக்கு மட்டும்தான், புள்ளிக்கு இன்னும் மேலே போக வேண்டும். சில கல்லூரிகள் முதல் முயற்சியில் வாங்கியதை மட்டும் கணக்கில் எடுக்கும். "சும்மா ஒரு தடவை எழுதிப் பார்ப்போம்" என்று போய்விடாதீர்கள்.

கணக்கு நமக்குச் சுலபம், திரையிலேயே கால்குலேட்டரும் உண்டு. பவுண்ட், அவுன்ஸ், ஃபாரன்ஹீட் மாற்றங்களை மட்டும் பழகிக்கொள்ளுங்கள். அறிவியலை, பிசியாலஜி முடித்த சூட்டோடு எழுதினால் பாதி வேலை முடிந்தது. நம்மவர்கள் மதிப்பெண் இழப்பது வாசிப்பில். பத்தியில் இல்லாததை நாமாக ஊகித்து விடை போட்டுவிடுகிறோம். தினமும் இருபது நிமிடம், நேரம் வைத்து, ஆறு வாரம் பயிற்சி செய்தால் சரியாகிவிடும்.

விண்ணப்பம் போடும் வாரம்

இதில் சொல்ல அதிகம் இல்லை. எல்லாக் கல்லூரிகளின் ட்ரான்ஸ்க்ரிப்ட், மதிப்பீட்டு அறிக்கை, டீஸ் மதிப்பெண், பட்டச் சான்று, வேலை அல்லது தன்னார்வ மணிநேரக் கடிதம், மொழிச் சான்று. ஒரு தாள் குறைந்தாலும் விண்ணப்பத்தைத் தள்ளிவிடுவார்கள், கூப்பிட்டுக் கேட்க மாட்டார்கள். டீஸ் மதிப்பெண்ணைச் சில கல்லூரிகள் ஏடிஐயிலிருந்து நேரடியாக மட்டுமே ஏற்கும், அச்செடுத்ததை இணைத்தால் செல்லாது. கடைசி நாள் இரவில் ஏற்றாதீர்கள். விண்ணப்பம் திறந்த முதல் வாரத்திலேயே ஏற்றிவிட்டு, 'கிடைத்தது' என்ற மின்னஞ்சல் வரும்வரை விடாதீர்கள். அதற்குப் பிறகு ஸ்பாம் பெட்டியையும் தினமும் பாருங்கள். இடம் கிடைத்த கடிதத்துக்குச் சில நாளில் பதில் தராவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும்.

காத்திருக்கும்போது செய்ய வேண்டியது

பதில் வர இரண்டு மூன்று மாதம் ஆகும். இந்த நேரத்தில்தான் உடல்நலத் தாள்களைத் தயார் செய்ய வேண்டும். இடம் கிடைத்த பிறகு தொடங்கினால் நேரம் போதாது.

காசநோய்ப் பரிசோதனையில் தொடங்குகிறேன், ஏனென்றால் இது நம்மவர்களுக்கென்றே இருக்கும் சிக்கல். முன்கையில் ஊசி போட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து வீக்கத்தை அளப்பார்கள். குழந்தையில் பிசிஜி போட்டவர்களுக்கு, காசநோய்த் தொற்றே இல்லாவிட்டாலும் அந்த இடம் தடிக்கலாம். நம் எல்லோர் தோளிலும் அந்தத் தழும்பு இருக்கிறதே, அதுதான். தடித்துவிட்டால் எக்ஸ்ரே, கடிதம், அலைச்சல். அதனால் தோல் ஊசி வேண்டாம், குவான்டிஃபெரான் ரத்தப் பரிசோதனை எடுக்கிறேன் என்று முதலிலேயே கேளுங்கள். பிசிஜி அதைப் பாதிக்காது.

தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா, சின்னம்மை, ஹெபடைட்டிஸ் பி எல்லாவற்றுக்கும் எதிர்ப்புச் சக்தி இருப்பதைக் காட்ட வேண்டும். ஊரில் போட்ட ஊசி அட்டை யாரிடம் இருக்கிறது? தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். டைட்டர் என்னும் ரத்தப் பரிசோதனை எடுத்தாலே போதும். குறைவதை மட்டும் போட்டுக்கொள்ளலாம். ஹெபடைட்டிஸ் பி வழக்கமான தொடர் என்றால் மூன்று ஊசி, ஆறு மாதம் ஆகும். ஒரு மாத இடைவெளியில் இரண்டே ஊசியில் முடியும் வகையும் பெரியவர்களுக்கு இருக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள்.

அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷனின் பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காப்பு) வகுப்பை நேரில் செய்முறையோடு முடியுங்கள். அட்டை இரண்டு வருடம் செல்லும். பின்னணிச் சோதனையும் போதைப்பொருள் சோதனையும் கல்லூரி சொல்லும் நாளில் நடக்கும். கஞ்சா இந்த மாநிலத்தில் சட்டப்படி அனுமதிக்கப்பட்டிருந்தாலும், சோதனையில் வந்தால் கிளினிக்கல் இடம் போகும்.

குழந்தை இருப்பவர்கள் ஒன்றை இப்போதே ஏற்பாடு செய்ய வேண்டும். கிளினிக்கல் நாளில் காலை 6:45-க்கு வார்டில் நிற்க வேண்டியிருக்கும். பல டே கேர்கள் அதற்கு முன் திறக்காது. அந்த நாளில் பிள்ளையை யார் எழுப்பி, யார் கொண்டுவிடுவது என்பதைக் கணவரோடு பேசி, மாற்று ஆளையும் சேர்த்து எழுதிவையுங்கள். பக்கத்து அபார்ட்மெண்ட் தெலுங்கு அக்கா ஒருவர் இரண்டு வருடம் என் மகளுக்குச் சடை பின்னிவிட்டு பஸ் ஏற்றினார். அவர் மகனுக்கு நான் சனிக்கிழமைகளில் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

காத்திருப்போர் பட்டியலில் வைத்தால் மனம் விட்டுவிடாதீர்கள். எனக்கு முதலில் வந்த கடிதமும் அதுதான். வரிசையில் என் எண் 9. இடம் கிடைத்தவர்களில் சிலர் வேறு கல்லூரிக்குப் போவார்கள், சிலரின் தாள்கள் முடிந்திருக்காது, அப்போது பட்டியல் நகரும். வகுப்பு தொடங்க எட்டு நாள் இருக்கும்போது, மகளின் பள்ளி வாசலில் காரில் உட்கார்ந்திருந்த எனக்கு போன் வந்தது. ஒரு இடம் இருக்கிறது, ஆனால் தடுப்பூசி, டைட்டர், பிஎல்எஸ் எல்லாம் வெள்ளிக்கிழமைக்குள் ஏற்ற முடியுமா என்று கேட்டார்கள். அன்று செவ்வாய்க்கிழமை. ஹெபடைட்டிஸ் மூன்றாவது ஊசி போட்டு, டைட்டர் முடிவு வந்து, ஒரு மாதமாக அந்த ஃபைல் காரின் பின்சீட்டில் கிடந்தது. அன்று மதியமே ஏற்றிவிட்டேன்.